பெட்டியைத் திறக்கும் பிள்ளைகள்: வாசகர் கேள்வி பதில்

உலகைப் புரட்டிப்போட்ட ஒரு பேரழிவுக்குப் பின் நடக்கும் கதைகளை இளையோர் ஏன் இவ்வளவு விரும்பி வாசிக்கிறார்கள் என்று சென்ற இதழில் இப்பகுதியில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் ஆறினை எடுத்துக்கொண்டு, இம்மாதப் பக்கங்களை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஓராண்டாக அவள் தேடித் தேடி வாசிப்பவை எல்லாம் உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதைகளே. நகரங்கள் பாழாகின்றன, மக்கள் பட்டினி கிடக்கிறார்கள், பிள்ளைகள் தனியே அலைகிறார்கள். இவை அவள் மனத்தில் அச்சத்தை விதைக்காதா? நான் தடுக்க வேண்டுமா?
(ஒரு தாய்)

பதில்: தடுக்க வேண்டாம் அம்மா. அவள் அக்கதைகளில் எதை வாசிக்கிறாள் என்பதை மட்டும் அருகில் அமர்ந்து கவனியுங்கள். பெரியவர்களாகிய நம் கண்ணில் பாழடைந்த நகரம்தான் முதலில் படுகிறது. பிள்ளைகளின் கண் வேறோர் இடத்தில் நிற்கிறது. சூசன் பெத் ஃபெஃபர் எழுதி 2006-இல் வெளிவந்த 'லைஃப் ஆஸ் வி நியூ இட்' என்ற நாவலில், விண்கல் ஒன்று மோதியதால் நிலவு பூமிக்கு அருகில் தள்ளப்படுகிறது. கடல் பொங்கிக் கரையோர நகரங்களை விழுங்குகிறது, எரிமலைகள் வெடிக்கின்றன, சாம்பல் வானை மூடுகிறது. இவற்றில் பெரும்பகுதி எங்கோ தொலைவில் நிகழ்ந்து, செய்தியாகவே வீட்டுக்கு வந்து சேர்கிறது. மிராண்டா என்ற பெண் தன் நாட்குறிப்பில் பக்கம் பக்கமாக எழுதுவதோ, அலமாரியில் உணவு டப்பாக்கள் எத்தனை மிஞ்சியிருக்கின்றன, விறகு எவ்வளவு நாளுக்குத் தாங்கும், அம்மா ஏன் தன் பங்கைக் குறைத்துக்கொள்கிறாள் என்பவற்றைத்தான். வாசிக்கும் பிள்ளையும் அந்த டப்பாக்களை அவளோடு சேர்ந்து எண்ணுகிறது. கேட்காமலே நாள்தோறும் கிடைத்துவந்த ஒன்றை, அது இல்லாத வீட்டில் வைத்துப் பார்க்கிறது.

அச்சத்தைப் பொறுத்தவரை, அது உங்கள் மகளிடம் கதைகளுக்கு முன்பே குடியேறியிருக்கும் என்றே நினைக்கிறேன். போர், வெப்பம் மிகும் பூமி, தொற்றுநோய் ஆகியவற்றைப் பற்றிய பேச்சு அரைகுறையாக அவள் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பேச்சுக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை, அதில் அவள் வயதுடைய ஒருவர் எழுந்து நின்று ஏதேனும் செய்வதாகவும் அவளுக்குத் தெரிவதில்லை. கதை அந்த உருவமற்ற அச்சத்துக்கு ஒரு முகத்தையும், இன்று முடிக்கவேண்டிய ஒரு வேலையையும் கொடுக்கிறது.

எனினும் எல்லாப் புத்தகமும் எல்லா வயதுக்கும் உரியதன்று. ஒரு நூல் அவள் உறக்கத்தைக் கெடுக்குமானால் அதை ஒளித்துவைக்காதீர்கள். இப்போது வேண்டாம், அடுத்த ஆண்டு இருவரும் சேர்ந்து வாசிப்போம் என்று அவளிடமே சொல்லி எடுத்துவையுங்கள். சொன்னபடி அடுத்த ஆண்டு வாசியுங்கள்.

கேள்வி: டிஸ்டோபியா எனப்படும் கதையும் பேரழிவுக்குப் பிந்தைய கதையும் ஒன்றுதானா?
(கல்லூரி மாணவர்)

பதில்: இரண்டும் வெவ்வேறு, ஆயினும் அடிக்கடி ஒரே கதைக்குள் சேர்ந்து குடியிருக்கின்றன. டிஸ்டோபியாவில் ஒழுங்கு மிதமிஞ்சிப்போய் மனிதரின் கழுத்தை நெரிக்கிறது. மற்றதில் ஒழுங்கே குலைந்து கிடக்கிறது. 2008-இல் வெளிவந்த சூசன் காலின்ஸின் 'ஹங்கர் கேம்ஸ்', வட அமெரிக்காவின் அழிவின் மீது எழுந்த கொடுங்கோல் நாடு ஒன்றைக் காட்டுவதால் இரண்டுக்கும் உரியதாகிறது. பேரழிவைக் குறிக்கும் 'அபோகலிப்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் கிரேக்க மூலத்துக்குத் திரையை விலக்குதல் என்று பொருள். அழிவு என்ற பொருள் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. நம் மொழியின் 'ஊழி' என்ற சொல்லோ, ஒரு நெடுங்காலத்தையும் அக்காலத்தின் முடிவையும் சேர்த்தே குறிக்கிறது. ஒரு காலம் முடிகிறது, அதுவரை மறைந்திருந்தது கண்ணுக்குத் தெரிகிறது: இவ்வகைக் கதைக்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணத்தை நான் அறியேன்.

கேள்வி: என் இளமையில் வாசித்த கதைகளில் உலகை அழித்தது அணுகுண்டு. என் பேரன் வாசிப்பவற்றில் வறட்சியும் நோயும் உயரும் கடலும் வருகின்றன. அழிவின் காரணம் மாறினால் கதையின் இயல்பும் மாறுமா?
(ஓய்வுபெற்ற வாசகர்)

பதில்: காரணங்கள் அந்தந்தக் காலத்தின் அச்சத்தைத் தொடர்ந்தே வருகின்றன, ஐயா. மேரி ஷெல்லி 1826-இல் பெரியவர்களுக்காக எழுதிய 'கடைசி மனிதன்' நாவலில் மனித குலத்தைக் கொள்ளைநோய் அழிக்கிறது. அணுப்போர் மூண்டால் எழும் புகை கதிரவனை மறைத்துப் பூமியைக் குளிரில் ஆழ்த்திவிடும் என்று கார்ல் சேகனும் அவருடன் நால்வரும் 1983-இல் எழுதினார்கள். அதையொட்டிய ஆண்டுகளில், 1984-இல் ராபர்ட் ஸ்விண்டெல்ஸும் 1985-இல் லூயிஸ் லாரன்ஸும் அணுப்போருக்குப் பிந்தைய இங்கிலாந்தை இளையோருக்காக எழுதினார்கள். 1986-இல் செர்னோபில் அணு உலை வெடித்தது. மறு ஆண்டே ஜெர்மானிய எழுத்தாளர் குட்ரூன் பௌசவாங், தன் நாட்டில் அப்படி ஓர் உலை வெடித்தால் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்திக்கு என்ன நேரும் என்பதை 'மேகம்' என்ற நாவலாக்கினார். 2010-இல் வந்த பாவ்லோ பாச்சிகலூபியின் 'ஷிப் பிரேக்கர்' கதையில் கடலோர நகரங்கள் மூழ்கிவிட்டன. கரையொதுங்கிய பழைய எண்ணெய்க் கப்பல்களின் குழாய்களுக்குள் சிறுவர்கள் தவழ்ந்து சென்று தாமிரக் கம்பியை உரித்தெடுக்கிறார்கள்.

இயல்பு மாறுமா என்ற உங்கள் கேள்விக்கு என் விடை, மாறுகிறது என்பதே. குண்டு விழுந்த கதையில் அழிவுக்கு ஒரு நாள் உண்டு. அதற்கு முன், அதற்குப் பின் என்று வாழ்க்கையை இரண்டாகப் பிரித்துச் சொல்ல முடிகிறது. குற்றவாளியும் எங்கோ தொலைவில், ஒரு பொத்தானை அழுத்திய முகமற்றவராக இருக்கிறார். கடல் மெல்ல உயர்ந்த கதையில் அந்த நாளை யாராலும் சுட்டிக்காட்ட முடியாது. குற்றத்தில் பங்குள்ளவர் வீட்டு முற்றத்தில், அன்பான தாத்தாவாகவும் பாட்டியாகவும் அமர்ந்திருக்கிறார். எழுதுவதற்கு இது மிகக் கடினமான கதை. இன்றைய எழுத்தாளர்கள் பலர் இன்னும் முகமற்ற வில்லனைத் தேடி ஓடுவது இதனால்தான் என்று எண்ணுகிறேன்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுடன் இத்தகைய நாவல் ஒன்றை வாசிக்கவிருக்கிறேன். உயிர் பிழைத்தல், நட்பு, துணிவு என்று கருப்பொருள்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் உரையாடல் அதோடு நின்றுவிடுகிறது. எதைப் பற்றிப் பேச வைப்பது?
(பள்ளி ஆசிரியர்)

பதில்: பட்டியலை அழித்துவிட்டு ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள்: இந்தக் கதையில் பெரியவர்கள் பிள்ளைகளுக்கு எதை விட்டுச் சென்றிருக்கிறார்கள்? உயிர் பிழைத்தல் கதையை முன்னே தள்ளுகிற விசை. தாம் உடைக்காத ஓர் உலகத்தைப் பெற்றுக்கொண்ட பிள்ளைகள் அதை என்ன செய்வது என்பதே இக்கதைகளின் நெஞ்சம். பல ஆண்டுகள் வாசித்தபின் எனக்கு இதில் ஐயம் இல்லை.

ஜீன் டூப்ராவின் 'சிட்டி ஆஃப் எம்பர்' (2003) இந்தக் கேள்வியை ஒரு பெட்டிக்குள் வைத்தே தருகிறது. இருண்ட உலகில் விளக்கொளியால் மட்டும் வாழும் நகரம் ஒன்றை அமைத்தவர்கள், அங்கிருந்து வெளியேறும் வழியை எழுதி, இருநூறு ஆண்டுகள் கழித்துத் தானே திறந்துகொள்ளும் பூட்டுடைய பெட்டியில் இட்டு, ஒரு மேயரிடமிருந்து அடுத்த மேயருக்குக் கைமாறி வரும்படி ஏற்பாடு செய்கிறார்கள். ஏழாவது மேயர் அதை ரகசியமாகத் தன் வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிடுகிறார். சங்கிலி அங்கே அறுந்துபோகிறது. உரிய காலத்தில் பூட்டு திறந்தபோது அதைப் பார்க்க அங்கு எவரும் இல்லை. விளக்குகள் அணைந்து அணைந்து எரியும் காலத்தில், பன்னிரண்டு வயது லீனாவின் கைக்கு அந்தத் தாள் வந்து சேரும்போது அவளுடைய குட்டித் தங்கை அதைக் கடித்துக் குதறியிருக்கிறாள். விடுபட்ட எழுத்துகளை லீனாவும் டூன் என்ற சிறுவனும் ஊகித்து நிரப்புகிறார்கள். பழங்காலத்திலிருந்து நமக்கு வரும் எதுவும் கிழிசலாகவே வருகிறது, அதை நிரப்புகிறவர் தன் கையெழுத்தையும் அதில் சேர்த்துவிடுகிறார் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன சிறார் நாவலை நான் வாசித்ததில்லை. நாவலைத் தொடங்கும் முன், சமையல் குறிப்போ மருந்துச் சீட்டோ ஏதேனும் ஒரு தாளை எழுத்துகள் விடுபடும்படி கிழித்து மாணவர்களுக்குக் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு குழுவும் வெவ்வேறு தாளை உருவாக்கும்.

இது கற்பனையோடு நிற்பதும் இல்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் நிலத்தடி உப்புப் படுகையில் அணுக்கழிவைப் புதைக்கத் திட்டமிட்டபோது, 10,000 ஆண்டுகள் கழித்து அங்கே வருகிறவரிடம், இன்றைய மொழிகள் எதுவும் அறியாத அவரிடம், இங்கே தோண்டாதே என்று எப்படிச் சொல்வது என்று 1990களின் தொடக்கத்தில் அறிஞர் குழுக்களைக் கூட்டி ஆராய்ந்தார்கள். அதற்கு முன்பே 1984-இல் தாமஸ் செபியோக் என்ற, குறிகளும் சின்னங்களும் பொருள் உணர்த்துவதை ஆராயும் குறியியல் அறிஞர், சடங்குகளாலும் கதைகளாலும் அந்த எச்சரிக்கையைத் தலைமுறை தலைமுறையாகக் கடத்தும் ஒரு குருமரபைப் போன்ற அமைப்பு வேண்டும் என்று எழுதியிருந்தார். நல்ல கொடைக்கும் சான்று உண்டு. நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் 2008-இல் திறக்கப்பட்ட விதைக் காப்பகத்திலிருந்து, சிரியப் போரால் தங்கள் சேமிப்பை அணுக முடியாமற்போன ஆய்வாளர்கள் 2015-இல் விதைகளைத் திரும்பப் பெற்றார்கள். அவற்றைப் பயிரிட்டுப் பெருக்கிப் பின்னர் மீண்டும் அங்கே சேர்த்தார்கள். ஒரு பெட்டியில் நஞ்சு, ஒரு பெட்டியில் விதை. மாணவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசட்டும்.

அடுத்து, பெற்ற கொடையைத் தவறாக வாசிப்பது. ஜான் விண்டமின் 'கிரிசலிட்ஸ்' (1955) இளையோருக்கென்றே எழுதப்பட்டதன்று, ஆனால் பள்ளிகளில் நீண்ட காலமாக வாசிக்கப்படுகிறது. அதில் பழைய உலகின் அழிவைக் கடவுளின் தண்டனை என்று நம்பும் ஒரு சமூகம், உருவில் சிறிதளவு மாறுபட்டவரையும் துரத்துகிறது. காலில் ஆறு விரல்கள் உள்ள சோஃபி என்ற சிறுமியைக்கூட விட்டுவைப்பதில்லை. பேரழிவைப் பற்றி யார் கதை சொல்கிறார்களோ அவர்கள் கையில் அதிகாரம் சேர்ந்துவிடுகிறது. பிலிப் ரீவின் 'மார்ட்டல் எஞ்சின்ஸ்' (2001) இன்னும் ஒரு படி போகிறது: உலகை அழித்த போரின் ஆயுதம் ஒன்றையே மீட்டுச் சீர்செய்து, மீண்டும் பயன்படுத்தத் துணிகிறார்கள், அதுவும் லண்டனின் புகழ்பெற்ற பேராலயத்துக்குள் அதை நிறுவி.

கடைசியாக, குற்றச்சாட்டு. பௌசவாங் 1983-இல் எழுதிய 'ஷேவன்போர்னின் கடைசிக் குழந்தைகள்' நான் வாசித்த இளையோர் நாவல்களில் மிகக் கொடியது. ஒன்பதாம் வகுப்பில் முழுவதும் வாசிக்கச் சொல்லமாட்டேன். ஆனால் அதில், கால்களை இழந்த ஒரு சிறுவன் பெற்றோர் தலைமுறையைச் சபித்துச் சுவரில் எழுதுகிற இடம் ஒன்று உண்டு. அவர்கள் அணுகுண்டு வீசியவர்கள் அல்லர். குண்டுகள் குவிந்தபோது பேசாமல் இருந்தவர்கள். அந்த ஒரு பக்கத்தைப் படித்துக்காட்டிவிட்டு, நீங்கள் ஒன்றும் விளக்காமல், மாணவர்கள் பேசத் தொடங்கும்வரை காத்திருங்கள். அவர்கள் உங்களையும் என்னையும் பற்றிப் பேசினால் தடுக்க வேண்டாம்.

கேள்வி: எல்லாக் கதையிலும் அம்மாவும் அப்பாவும் இறந்துவிடுகிறார்கள், இல்லாவிட்டால் காணாமல் போகிறார்கள். ஏன்? எனக்கு அது பிடிக்கவில்லை.
(பதினான்கு வயது வாசகி)

பதில்: அன்பு மகளே, உனக்குப் பிடிக்காமல் இருப்பது சரியே. அது பிடித்துவிட்டால்தான் எனக்குக் கவலை.

காரணத்தைச் சொல்கிறேன். ராபர்ட் ஓ'பிரையன் எழுதிய 'இசட் ஃபார் சக்கரையா' என்ற நாவல் 1974-இல், அவர் மறைந்த பின் வெளிவந்தது. அணுப்போரின் நஞ்சு படாமல் தப்பிய ஒரு பள்ளத்தாக்கில் ஆன் என்ற பெண் தனியே வாழ்கிறாள். பிழைத்தவர் உண்டா என்று பார்க்கப் போன பெற்றோர் திரும்பவில்லை. ஒரு நாள் கதிர்வீச்சைத் தடுக்கும் உடையணிந்த ஒருவன் வருகிறான். அவள் குன்றின் மேல் ஒளிந்திருந்து அவனைக் கவனிக்கிறாள். நச்சு நீரில் குளித்து அவன் நோயுறும்போது, ஒளிந்தே இருப்பதா, இறங்கிச் சென்று காப்பாற்றுவதா? காப்பாற்றிய பின் அவன் தன்னை அடக்கியாள முற்படும்போது என்ன செய்வது? உலகில் வேறு மனிதரே இல்லாதபோது, இருக்கிற ஒரே மனிதனை நம்பாமல் இருப்பது எப்படி? அம்மா அருகில் இருந்திருந்தால், நீ உள்ளே போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருப்பாள். முடிவு ஆன் கையில் இருந்திருக்காது. அந்த முடிவை உன் வயதுள்ள ஒருத்தியிடம் ஒப்படைப்பதற்காகவே எழுத்தாளர் பெரியவர்களை அப்புறப்படுத்துகிறார்.

ஆனால், பெற்றோரை முதல் பக்கத்தில் கொன்றுவிட்டு, பத்தாம் பக்கத்தில் அவர்களுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர்கூட இல்லாமல் சாகசத்தில் இறங்கிவிடும் கதைகளும் ஏராளம். அது சோம்பேறித்தனமான எழுத்து. நீ அதைக் கண்டுபிடித்துவிட்டாய். மேலே ஒரு தாய்க்கு எழுதிய பதிலில் குறிப்பிட்ட மிராண்டாவின் கதையைத் தேடி வாசி. அதில் அம்மா உயிரோடு இருக்கிறாள், மகளோடு சண்டை போடுகிறாள், பிள்ளைகளில் யாருக்கு எவ்வளவு உணவு என்ற முடிவையும் எடுக்கிறாள். பெற்றோர் உயிரோடு இருக்கும் கதையே உண்மையில் கடினமானது.

கேள்வி: பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டோருக்காக இவ்வகை நாவல் ஒன்றை எழுதிவருகிறேன். கொடுமையை எவ்வளவு காட்டலாம்? முடிவில் நம்பிக்கை தந்தே ஆகவேண்டுமா?
(இளம் எழுத்தாளர்)

பதில்: கொடுமையின் அளவைவிட, அது எங்கிருந்து வருகிறது என்பதைப் பாருங்கள். சட்டமும் காவலும் நீங்கினால் மனிதர் விலங்காகிவிடுவர் என்பது இக்கதைகளில் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளப்பட்ட விதியாகிவிட்டது. 1954-இல் வில்லியம் கோல்டிங் ஒரு தீவில் விடப்பட்ட சிறுவர்களை வைத்து அதை மறக்கமுடியாத கதையாக்கினார். ஆனால் 1965-இல் டோங்கா நாட்டுச் சிறுவர்கள் ஆறு பேர் புயலில் சிக்கி, ஆளற்ற அட்டா தீவில் உண்மையாகவே ஒதுங்கினார்கள். ஓராண்டுக்கும் மேலாக அங்கே வாழ்ந்தார்கள். முறை வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள், மூட்டிய தீயை அணையவிடாமல் காத்தார்கள், ஒருவனுக்குக் கால் முறிந்தபோது மற்றவர்கள் குச்சிகளை வைத்துக் கட்டி அதைச் சேரச் செய்தார்கள். 1966-இல் மீட்கப்பட்டபோது அறுவரும் நலமாக இருந்தார்கள். நான் கொடுமையை நீக்கச் சொல்லவில்லை. உங்கள் கதையில் ஒருவன் கொடியவனாகிறான் என்றால் அதற்கு அவனுடைய சொந்தக் காரணம் வேண்டும். உலகம் அழிந்துவிட்டது என்பது மட்டும் காரணமாகாது.

அச்சமூட்டுவதற்கு ரத்தத்தைவிடக் கணக்கு உதவும். அணுகுண்டுக்குப் பின் படியும் கதிரியக்கத் தூசியைப் பற்றித் தோராயமான ஒரு விதி உண்டு: கழிந்த நேரம் ஏழு மடங்காகும்போது கதிர்வீச்சு பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. வெடித்து ஒரு மணி நேரத்துக்குப் பின் இருந்த அளவு, 7 மணி நேரத்தில் பத்தில் ஒன்று, 49 மணி நேரத்தில் நூறில் ஒன்று, சுமார் இரண்டு வாரத்தில் ஆயிரத்தில் ஒன்று. நிலவறையில் பதுங்கியிருக்கும் சிறுமிக்கு இந்த விதி தெரியும், அவள் தம்பிக்குத் தாகம் எடுக்கிறது, கையில் உள்ள நீர் முப்பது மணி நேரத்துக்கு மட்டுமே வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் ஒரு பிணத்தையும் நீங்கள் காட்டத் தேவையில்லை.

முடிவைப் பொறுத்தவரை, இளையோரின் கையில் வெறும் இருளைக் கொடுத்து அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. அதே வேளையில் கடைசி அத்தியாயத்தில் திடீரென்று மீட்புக் கப்பலை வரவழைப்பதும் அவர்களை ஏமாற்றுவதுதான். மேலே சொன்ன 'ஷேவன்போர்ன்' நாவலே, அத்தனை சாவுகளுக்குப் பிறகும், உயிரோடு எஞ்சிய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஓர் இளைஞனிடம் வந்து நிற்கிறது. ஆனின் கதையோ, உயிருள்ள அந்த ஒரே பள்ளத்தாக்கை விட்டு அவள் வெளியேறியபின், நாட்குறிப்பின் கடைசி வரியில், நடந்தபடியே அடிவானத்தில் பச்சை தென்படுகிறதா என்று அவள் தேடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது. அவள் கண்டாளா என்று நூல் சொல்லவில்லை. உங்கள் கையெழுத்துப் படியை எடுத்து, கடைசிப் பக்கத்தில் உங்கள் பிள்ளைகளின் கைகளில் எந்த வேலை பாதியில் நிற்கிறது என்று பாருங்கள். எந்த வேலையும் இல்லையென்றால், முந்தைய அத்தியாயத்திலிருந்து திருத்தத் தொடங்குங்கள்.